இடுப்புப் படம்

லேப்ரடார் நாயை எனக்குப் பிடிக்கும். அதை விற்பவர்களைப் பிடிக்காது. அந்த நாய்க்கு யாரையும் வெறுக்கத் தெரியாது. அடித்தவன் கையையும் நக்கும், கசாப்புக்குக் கொண்டுபோனாலும் வாலை ஆட்டிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாக நான் வெறுத்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் தீரவில்லை. அந்தக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏமாற்றியதுபோல் இருக்கும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மதுரையில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் டெக்னீசியனாக இருந்தேன். மனிதர்களுக்கான சென்டர். சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், காசநோய்க்காரர்கள், முதுகுவலிக்காரர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம். அதற்குப் பிறகு நாய்கள் வரும்.

நாய்களைக் கொண்டுவரச் செய்தவர் ஒரு கால்நடை டாக்டர். நல்ல டாக்டர்தான், ஆனால் சண்டைக்குப் பயந்தவர். சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர், லேப்ரடாருக்கு இடுப்புப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். அவரிடம் மெஷின் இல்லை. எங்கள் முதலாளியிடம் பேசினார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாய்ப் படம் எதுவும் ரிஜிஸ்டரில் ஏறக் கூடாது. மனிதர்கள் படுக்கும் மேஜையில் நாய் படுத்தது என்று வெளியே தெரிந்தால் திங்கட்கிழமை ஒருத்தரும் வரமாட்டார்கள்.

இந்த நிபந்தனையில்தான் எல்லாம் கெட்டது. மனிதர்களுக்குப் படம் எடுக்கும்போது ஃபிலிம் வைக்கும் கேசட்டின் மூலையில் ஈயத்தில் செய்த எண்ணை ஒட்டுவோம். அந்த எண் படத்திலேயே வெள்ளையாக விழும். அதே எண் ரிஜிஸ்டரிலும் இருக்கும். நாய்க்கு ரிஜிஸ்டர் இல்லை, அதனால் எண்ணும் இல்லை. படத்தில் எலும்பு மட்டும்தான் இருக்கும். யாருடைய எலும்பு என்பதைக் காக்கி நிறக் கவரின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன். மதுரையில் விற்ற அத்தனை லேப்ரடார்களின் இடுப்பும் அந்தக் கவரை நம்பித்தான் நின்றது.

இடுப்பில் என்ன பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்கும். இடுப்பில் அதற்கு ஒரு கிண்ணம் உண்டு. உருண்டை கிண்ணத்துக்குள் ஆழமாக உட்கார வேண்டும். இந்த இனத்தில் நிறைய நாய்களுக்குக் கிண்ணம் கிண்ணமாக இருக்காது, தட்டாக இருக்கும். உருண்டை அதில் நிற்காமல் வழுக்கும். வழுக்கி வழுக்கித் தேயும். தேய்ந்த இடத்தில் முள் முள்ளாக எலும்பு வளரும். குட்டி வாங்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மாதக் குட்டி பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும், வாங்குகிறவன் மயங்கிவிடுவான். வளர வளரத்தான் அது எழுந்திருக்க யோசிக்கும், முயல் மாதிரி பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து ஓடும், பிறகு ஓடாது.

இது தாய் தகப்பனிடமிருந்து வருவது. அதனால் இரண்டுக்கும் வளர்ந்தபின் மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக இழுத்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். சரியில்லாததை இணை சேர்க்க, அதாவது கிராசிங், விடக் கூடாது. அப்படிச் செய்தாலும் ஒன்றிரண்டு கெட்ட குட்டி வரத்தான் செய்யும், குறையும் என்பதுதான் விஷயம். வேறு நோய்களும் அந்த இனத்துக்கு உண்டு. கண்ணுக்குள் திரை கெட்டு மாலை வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி, பிறகு முழுக் குருடாகும். காது சீழ் பிடித்து நாறும். நம்ம ஊர் வெக்கையில் தோல் வெந்து முடி கொட்டும். இதெல்லாம் தெரிந்துதான் விற்றார்கள். வாங்கியவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. கோச்சடையிலும் பசுமலையிலும் புதிதாக வீடு கட்டியவனுக்கெல்லாம் வழுவழுவென்று ஒரு தரையும் அந்தத் தரையில் வழுக்கி விழ ஒரு லேப்ரடாரும் வேண்டியிருந்தது. குட்டி குண்டாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். குண்டாக இருந்தால் இடுப்பு இன்னும் சீக்கிரம் போகும் என்று டாக்டர் சொன்னால், "கண்ணு வைக்காதீங்க டாக்டர்" என்றார்கள்.

முதலில் படம் எடுத்தது எங்கள் வீட்டு நாய்க்கு. பெட்டை. டாக்டர் கை பழக வேண்டும் என்று கேட்டதால் கொண்டுபோனேன். இடுப்பு அவ்வளவு அருமையாக இருந்தது, டாக்டர் புத்தகத்தில் போடலாம் என்றார். அந்தப் படத்தில் இடது தொடையில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். ஏர்கன் குண்டு. அப்போது நான் கோச்சடையில் வாடகைக்கு இருந்தேன். ஆற்றங்கரையில் கொக்கு சுடுகிற ஒருவன் நாய் குறுக்கே ஓடியதால் அதையும் சுட்டுவிட்டான். எடுக்கத் தேவையில்லை, சதைக்குள் கிடக்கட்டும் என்று டாக்டர் விட்டுவிட்டார்.

அடுத்துக் கேஸ் ஏஜென்சிக்காரர். பசுமலையில் வீடு. அந்தக் காலத்தில் கேஸ் ஏஜென்சி வைத்திருந்தவர் என்றால் எப்படிப்பட்ட ஆள் என்று அப்போது வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கனெக்ஷனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். கலெக்டர் ஆபீஸ்காரனும் அவரைக் கண்டால் சிரிப்பான். அவரிடம் ஓர் ஆண் லேப்ரடார் இருந்தது. ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்க் கோப்பை வாங்கிய நாய். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். மதுரையில் மட்டுமல்ல, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கமெல்லாம் பெட்டை வைத்திருந்தவர்கள் அதனிடம்தான் கொண்டுவருவார்கள். விட்டதற்குக் கூலியாக ஒரு குட்டியை அவர் எடுத்துக்கொள்வார். அவர் வீட்டிலும் நான்கு பெட்டைகள் இருந்தன.

சென்னையிலிருந்து குட்டி கேட்டவர்கள் தகப்பன் நாயின் இடுப்புப் படம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்ததால் அவர் நாயோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஜோசியரைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நாய் மயங்கும்வரை டாக்டரிடம் அதைத்தான் பேசினார்.

"எல்லாம் நல்ல எடம் டாக்டர். மாப்பிள்ள இன்ஜினியர். ஒம்பது பொருத்தம் இருக்கு, ரஜ்ஜு மட்டும் தட்டுது. வேணாம்னுட்டேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அதுவும் சரிதாண்ணே" என்றார் டாக்டர்.

டார்க் ரூமிலிருந்து ஈரப் படத்தை எடுத்துவந்து லைட் பெட்டியில் மாட்டினேன். எனக்கே தெரிந்தது. இடது பக்கம் உருண்டை பாதி வெளியே நின்றது. வலது பக்கம் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணே, ரெண்டு பக்கமும் சரியில்ல. இடது ரொம்ப மோசம். இத இனிமே கிராசிங் விடாதீங்க."

"என்ன டாக்டர் வெளாடுறீங்க. மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாவுறான்."

"இது தாவும். இதோட குட்டி தாவாது."

அவர் சிரித்தார். "குட்டி வாங்குனவன் வீட்டுலதான கெடக்கப் போகுது. எனக்கு என்ன வந்துச்சு?"

டாக்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன்.

"அப்புறம் உங்க வீட்டுப் பெட்டைகளுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பெருசா ஒண்ணு நிக்குதுல்ல, இவனோட மக. அதுக்கே இவன விடலாம்னு இருக்கேன். சொந்தத்துலயே குடுத்தாத்தான் ரத்தம் கெடாது."

மகளுக்கு ரஜ்ஜு பார்த்த வாய். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாயின் மகளை நாய்க்கே கொடுக்கப்போவதாக அதே வாய் சொன்னது. கெட்ட இடுப்பைக் கெட்ட இடுப்போடு சேர்த்தால் என்ன வரும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினார். அவர் கேட்கவில்லை, படத்தைக் கவருக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

நாயை வேனில் ஏற்றும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு எல்லோரும் மாப்ளதான்.

"மாப்ள, நல்ல இடுப்பு எப்படி இருக்கும்னு நம்ம பயலுகளுக்கு ஒருக்காக் காட்டணும். அப்படி ஒரு படம் இருக்கா?"

"எங்க நாயோடது இருக்குண்ணே."

"அதக் குடு. ஆமா, ஒனக்கு ரெண்டாவது சிலிண்டருக்கு எழுதிப்போட்டு எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு வருசமாச்சுண்ணே."

"சரி, பாத்துக்கலாம்."

உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து கொடுத்தேன். கவர் இல்லாமல். வியாழக்கிழமை வீட்டு வாசலில் சிலிண்டர் இறங்கியது. சிலிண்டர் தீர்ந்தால் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் தேடி அலைவது நின்றது என்று என் மனைவிக்குச் சந்தோஷம். நான் மடையன் இல்லை. எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்தால் சிலிண்டர் வாங்க முடியாது. இவ்வளவுதான் நடந்தது.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஓர் அம்மா வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். தெப்பக்குளம் பக்கம் வீடு, சௌராஷ்டிரா குடும்பம், கணவர் சேலைக்கடை வைத்திருந்தார். டாக்டர்தான் வரச்சொல்லியிருந்தார். ஆட்டோக்காரரும் நானும் சேர்ந்து நாயைத் தூக்கினோம். ஒரு வயதும் சில மாதங்களும் ஆன ஆண் நாய். முன்பாதி சிங்கம் மாதிரி இருந்தது. பின்பாதி, குச்சி வைத்துக் கட்டிய பொம்மை மாதிரி தொங்கியது. தூக்கியபோது வலியில் ஒரு சத்தம் போட்டது, போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் என் காதை நக்கியது.

மயக்க ஊசி வேலை செய்யும்வரை அந்த அம்மா நாயின் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"கேஸ் ஏஜென்சிக்காரரு கிட்டதான் வாங்குனோம். நடக்க மாட்டேங்குதுன்னு போய்ச் சொன்னேன். தயிர்சாதம் போட்டு வளத்தா எலும்பு எப்படிம்மா நிக்கும்னு கேட்டாரு. எங்க வீட்டுல கறி ஆக்குறதில்ல. முட்டைய வெளிய தனி அடுப்பு வச்சு அவிச்சுப் போட்டேன். கால்சியம் மருந்து குடுத்தேன். பாத்தாதா டாக்டர்?"

டாக்டர் நாயின் இமையைத் தொட்டு மயக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தார்.

"எங்க வீடு மாடி. படி ஏத்தி எறக்குனதாலன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. சொல்றதுகூட இல்ல, நாய் கத்துறப்பல்லாம் என்னைய ஒரு பார்வை பாக்குறாரு. வேணும்னு கேட்டு வாங்குனது நான்தான? பிள்ளை இல்லாத வீடு. நாத்தனா சொல்ற வார்த்தைய நான் இங்க திருப்பிச் சொல்ல மாட்டேன்." பிறகு நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். "வைத்தியம் இருக்கா இல்லையாங்கிறது அப்புறம். என் மேல தப்பான்னு மட்டும் படத்தப் பாத்துச் சொல்லிருங்க. அதுக்குத்தான் வந்தேன்."

படம் எடுத்தேன். தகப்பன் படத்தையே பார்த்த எனக்கு இதைப் பார்க்க முடியவில்லை. இரண்டு உருண்டையும் கிண்ணத்தை விட்டு முழுதாக வெளியே கிடந்தன. கிண்ணம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

அந்த அம்மா ஒயர் கூடையிலிருந்து ஒரு காக்கிக் கவரை எடுத்தார். "அப்பா நாயோட படம். பாத்துட்டுத் தர்றேன்னு அவருகிட்டயே கேட்டு வாங்கிட்டு வந்தேன். தாராளமா எடுத்துட்டுப் போங்க, எந்த டாக்டர்கிட்ட வேணாலும் காட்டுங்கன்னு குடுத்தாரு. அது நல்லா இருக்கு, இது கெட்டுப்போச்சுன்னா என்கிட்ட வந்துதான கெட்டுச்சு?"

கவரின் மேல் கேஸ் ஏஜென்சிக்காரரின் ஆண் நாயின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நான் எழுதியதல்ல. படத்தை எடுத்துப் பக்கத்து லைட் பெட்டியில் மாட்டினேன். மாட்டிக் கையை எடுப்பதற்குள் இடது தொடையில் அந்த மிளகு தெரிந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முதலில் பார்த்தது புள்ளியை அல்ல.

"யோவ், இது பெட்டைய்யா" என்றார்.

ஆண் நாய்க்குக் குறியில் ஓர் எலும்பு உண்டு. விரல் நீளத்துக்கு இருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்புப் படம் எடுத்தால் நடுவில் தெரியாமல் இருக்காது. இந்தப் படத்தில் அது இல்லை. ஒன்றரை வருடமாக கேஸ் ஏஜென்சிக்காரர் இந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டியிருக்கிறார். குட்டி வாங்க வந்தவன், பெட்டையைக் கொண்டுவந்தவன், எல்லோரும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆகா என்ன இடுப்பு என்று தலையாட்டியிருக்கிறார்கள். நாய் ஆணா பெண்ணா என்றுகூட ஒருத்தனும் பார்க்கவில்லை. படம் இருந்தால் போதும் என்று நினைத்த ஜனம். படத்தைப் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

டாக்டர் இப்போது புள்ளியைப் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பினார். "இந்தக் குண்டு உன் நாய்க்குத்தான?"

ஆமாம் என்றேன்.

அந்த அம்மா கெட்டிக்காரர். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க நாயோட படம் அவருகிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் குடுத்தேன்."

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அலமாரியிலிருந்து திருடிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். மேஜையில் நாய் நாக்கு வெளியே தொங்கக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "சிலிண்டருக்கு" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப இதோட அப்பா இடுப்பு?" என்று டாக்டரைக் கேட்டார்.

"கெட்டதும்மா. நான் அப்பவே கிராசிங் விடாதீங்கன்னு சொன்னேன்."

"அவருகிட்ட மட்டும் சொன்னீங்களா?"

டாக்டர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வாங்குகிறவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேஸ் ஏஜென்சிக்காரரும் அவரைச் சேர்ந்த நாய்க்காரர்களும் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். எனக்குச் சிலிண்டர், அவருக்கு அது.

மறுநாள் காலை டாக்டரின் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் பசுமலைக்குப் போனோம். கேஸ் ஏஜென்சிக்காரர் ஹாலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். பின்கட்டில் புதுக் குட்டிகள் ஒன்பது, ஈரத் தரையில் வழுக்கி வழுக்கித் தாயின் மடிக்குப் போய்க்கொண்டிருந்தன. தாய் யார் என்று பார்த்தேன். அந்தப் பெரிய பெட்டை. ஆண் நாயின் மகள். செய்தேவிட்டார். ராஜா மாதிரி இருந்த தகப்பன் ஒரு மூலையில் கிடந்தது. எங்களைப் பார்த்து எழ முயன்று, முடியாமல், படுத்தபடியே வாலைத் தரையில் அடித்தது. மாடிப்படியை அது மறந்து நாளாகியிருக்கும்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். மனிதர் இட்லியைக் கீழே வைக்கவில்லை.

"கவர் மாறிப்போயிருக்கும் டாக்டர். இந்தப் பயதான எழுதுறான்."

"கவர் மேல இருக்குறது உங்க எழுத்துண்ணே" என்றேன்.

"சரி மாப்ள, என் எழுத்துதான். இப்ப என்னங்கிற? கொலையா பண்ணிட்டேன்? அந்தம்மாவுக்கு வேற குட்டி குடுத்துருவோம். பின்னாடி ஒம்பது கெடக்கு, நல்லதா ஒண்ணப் பாத்து எடுத்துக்கிரச் சொல்லு. அந்த நொண்டிய ஊசி போட்டு முடிச்சுருங்க டாக்டர், பாவம்."

கசிகிற சிலிண்டரை மாற்றிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். ரெகுலேட்டரைக் கழற்று, பழையதை வண்டியில் ஏற்று, புதியதை மாட்டு. அதே உருண்டை, அதே தட்டு, இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே ரத்தம். அதைத்தான் பரிகாரமாகக் கொடுக்கிறார். வாசலுக்கு வந்து ஓரமாக வாந்தி எடுத்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வெறும் பித்தம். உள்ளேயிருந்து அவர், "மாப்ளைக்குத் தண்ணி குடு" என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது குட்டியும் விற்றுப்போனது. பத்து வருடம் கழித்து அவர் இல்லை, ஆனால் அவரைப் போன்றவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். அப்போது எக்ஸ்ரே பழசாகிவிட்டது, டி.என்.ஏ. டெஸ்ட் வந்திருந்தது. கண் குருடாகும் நோய் நாயின் ரத்தத்தில் இருக்கிறதா என்று வெளியூருக்கு அனுப்பிப் பார்க்கலாம். வீட்டுக்கே பஞ்சு வைத்த குச்சி வரும், நாயின் கன்னத்துக்குள் தேய்த்து அனுப்ப வேண்டும். தேய்ப்பது யார்? நாயை விற்பவன். எந்த நாயின் கன்னம்? அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவன் பளபளவென்று கலர் பேப்பரில் வந்த ரிசல்ட்டை எனக்குக் காட்டினான். தேய்க்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். "ஏண்ணே இப்படிச் சந்தேகப்படுறீங்க" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். மறுபடியும் அதே காக்கிக் கவர்தான்.

அது இருக்கட்டும். அந்த அம்மாவிடம் டாக்டர் வேறு குட்டி விஷயத்தைச் சொன்னபோது நானும் இருந்தேன். வேண்டாம் என்றார். ஊசி போட்டு முடிப்பதையும் வேண்டாம் என்றார். எடையைக் குறைத்து, வலி மாத்திரை கொடுத்து, வழுக்காத சாக்குத் தரையில் வைத்து, கொஞ்ச வருடம் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வரணும்."

"எதுக்கும்மா?"

"இங்க சொன்னத அங்க வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். என் மனைவிதான், "சிலிண்டர மட்டும் வாங்கத் தெரிஞ்சுச்சுல்ல, போய்ட்டு வாங்க" என்றாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தேன்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கீழ்க்கட்டில் நெய்யாத தறி ஒன்றை ஒதுக்கிவிட்டு நாய்க்கு இடம் செய்திருந்தார்கள். கணவர் பனியனோடு நாற்காலியில் இருந்தார். அவருடைய அக்கா வாசல்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த அம்மா, "சொல்லுங்க" என்றார்.

நின்றபடியே சொன்னேன். இரண்டு படத்தையும் ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினேன். உருண்டை, கிண்ணம், தட்டு எல்லாம் சொன்னேன். அப்பா நாயின் படம் என்று அவர்களிடம் இருப்பது என் வீட்டுப் பெட்டையின் படம், அதை நான்தான் கொடுத்தேன், என்ன வாங்கிக்கொண்டு கொடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

கணவர் கேட்டார். "அப்ப படி ஏறுனதால இல்லயா?"

"படி ஏறுனா வலி கூடும். எடை போட்டாலும் கூடும். ஆனா இடுப்பு பொறக்கும்போதே அப்படி வளரணும்னு வந்தது. இவங்க கையில வர்றதுக்கு முன்னாடியே."

"தயிர்சாதம்?" என்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். எதையும் விட்டுவிட அவர் தயாராக இல்லை.

"தயிர்சாதத்தால இல்ல."

நாத்தனார் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா அதே மொழியில் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாத்தனார் பேசவில்லை.

என் குரல் கேட்டு நாய் விழித்துக்கொண்டது. ஆட்டோவிலிருந்து தூக்கும்போது வலிக்கவைத்தவன் என்று ஞாபகம் இருந்திருக்க வேண்டும், கடித்திருக்க வேண்டும். அது வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வரப் பார்த்தது. முன்கால் ஊன்றியது, பின்கால் இரண்டும் சாக்கில் விரிந்துபோனது. மறுபடி ஊன்றியது, மறுபடி விரிந்தது. வால் மட்டும் நிற்கவில்லை. அந்த அம்மா ஒரு துண்டை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். அது சாய்ந்தது. கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து துண்டின் இன்னொரு நுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் அதற்கு முன்னால் அப்படிப் பிடித்ததில்லை என்பது அவர் குனிந்த தோரணையிலேயே தெரிந்தது. இரண்டு பேருமாக அதை என் காலடிவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். அது என் கையை நக்கியது.

எனக்கு அந்தக் கையை வெட்டிப்போடலாம் போல் இருந்தது.

அந்த அம்மா ஆண் நாயின் பெயர் எழுதிய கவரில் எங்கள் நாயின் படத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார். "இது உங்களுது. அவருகிட்டத் திரும்பக் குடுத்துறாதீங்க" என்றார். பிறகு, "நீங்க போகலாம்" என்றார். காபி கொடுக்கவில்லை. மதுரையில் ஒரு வீட்டுக்குப் போய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியது அந்த ஒரு தடவைதான். சரியாகத்தான் செய்தார்.

படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் நாய் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. கவரை மாற்றவில்லை.